தினசரி வருகைப் பரிசு: இணையதளத்தில் அமைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்த் தொடர்கதைத் தளம் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்வோம். சில அத்தியாயங்கள் இலவசம். மற்ற ஒவ்வொன்றையும் திறக்க 20 காயின் வேண்டும். 100 காயின் 50 ரூபாய். தினமும் எட்டிப்பார்க்கும் வாசகருக்குக் கொஞ்சம் காயினை இலவசமாகத் தரலாம் என்று முடிவாகிவிட்டது. கீழே வரும் எண்கள் இந்த மாதிரித் தளத்துக்கானவை. பயிற்சித் தேர்வுத் தளமோ சமையல் குறிப்புத் தளமோ நடத்துகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்? எத்தனை காயின் தருவது என்பதையா?

அது பிறகு. 'ஒரு நாள்' எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, 'ஒரு முறைதான்' என்பதை எது உறுதிசெய்கிறது, இந்த இரண்டுக்கும் முதலில் பதில் எழுதி வையுங்கள். காயின் அளவை அடுத்த மாதம்கூட மாற்றிக்கொள்ளலாம். நாள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, வாசகர்கள் நூறு நாள் தொடர் (இடைவிடாமல் வந்த நாள்களின் எண்ணிக்கை) சேர்த்த பிறகு திருத்தப் போனால் யாராவது ஒருவருடைய கணக்கு உடைந்தே தீரும்.

நாள் இரவு 12 மணிக்கு மாறுவதுதானே முறை?

காலண்டருக்கு அது சரி. இரவு பன்னிரண்டரைக்குப் படுக்கையில் கதை படிப்பவருக்கு அது இன்னும் 'இன்றைய ராத்திரி'தான். அவர் திங்கள் இரவு 11:30க்கு ஒரு முறை வருகிறார். அடுத்து செவ்வாய் இரவு 12:20க்கு வருகிறார், அதாவது காலண்டர்படி புதன். அவர் கணக்கில் இரண்டு இரவும் வந்தாயிற்று. உங்கள் கணக்கில் செவ்வாய்க்கிழமை காலி. அதனால் நாள் அதிகாலை 4 மணிக்கு மாறட்டும். வாசிப்புத் தளத்தில் கூட்டம் மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதுதான்.

கணக்கு எளிது. இப்போதைய நேரத்தை முதலில் உள்ளூர் நேரமாக மாற்றி, அதிலிருந்து 4 மணி நேரத்தைக் கழித்து, மிஞ்சும் தேதியை 'பரிசுத் தேதி' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசை முக்கியம். யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் நாலைக் கழித்துவிட்டு உள்ளூருக்கு மாற்றினால், லண்டனிலும் டொராண்டோவிலும் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் நாள்களில் ஒரு மணி நேரம் பிசகும்.

'கடைசியாக வாங்கி 24 மணி நேரம் ஆனதும் அடுத்தது' என்று வைத்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

வேறு தலைவலி வரும். இன்று காலை 8:00க்கு வாங்கியவர் நாளை 8:00க்கு முன் வாங்க முடியாது. நாளை பஸ்ஸில் ஏறி 8:20க்கு வாங்குவார். மறுநாள் 8:20க்கு முன் முடியாது, 8:45 ஆகும். நேரம் தினமும் பின்னால் போய்க்கொண்டே இருந்து, ஒருநாள் வேலை நேரத்துக்குள் நுழைந்து நின்றுவிடும். இடைவெளி முறைதான் வேண்டும் என்றால் 24க்குப் பதில் 20 மணி நேரம் வையுங்கள். எங்கள் பரிந்துரை காலண்டர் நாள்தான்.

சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ வாசகர்களுக்கும் இந்திய நேரம் போதுமா?

தமிழ்நாடும் இலங்கையும் ஒரே நேரம்தான், யுடிசியோடு ஐந்தரை மணி நேரம் கூட்டல். வாசகர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த இரண்டு இடங்களில் என்றால் இந்திய நேரத்தையே எல்லோருக்கும் வைத்துவிட்டு, 'இந்திய நேரம் அதிகாலை 4 மணிக்குப் புதிய நாள்' என்று பட்டனுக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

அந்த 4 மணி சிங்கப்பூரில் காலை 6:30. பரவாயில்லை. லண்டனில் குளிர்காலத்தில் இரவு 10:30, கோடையில் 11:30. டொராண்டோவில்தான் சிக்கல். அங்கே அது குளிர்காலத்தில் மாலை 5:30, ஆள் வேலை முடிந்து ரயிலேறும் நேரம். ஜனவரி 10 அன்று மாலை 5 மணிக்கு அவர் பரிசு வாங்கினால் அது 10ஆம் தேதிக் கணக்கு. ஜனவரி 11 அன்று வீட்டுக்கு வந்து இரவு 7 மணிக்கு வாங்கினால் சென்னையில் அப்போது 12ஆம் தேதி காலை 5:30, கணக்கு 12ஆம் தேதியில் விழும். 11 காலி. மனிதர் இரண்டு நாளும் வந்திருக்கிறார், தளம் அவருக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டது.

வெளிநாட்டு வாசகர்கள் கணிசமாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் அவர் இருக்கும் இடத்து நேரம்தான். 'ஏசியா/கொல்கத்தா', 'அமெரிக்கா/டொராண்டோ' என்பது போன்ற நேர மண்டலப் பெயரைச் சேமியுங்கள். '+5:30', '-5' என்று வெறும் எண்ணைச் சேமித்தால் கோடையில் டொராண்டோ '-4' ஆகும்போது மாட்டிக்கொள்வீர்கள். பிரவுசரே மண்டலப் பெயரைச் சொல்லிவிடும். அதை முதல் வருகையில் ஒரு தடவை வாங்கிப் பயனர் பதிவில் எழுதிவிடுங்கள், ஒவ்வொரு கோரிக்கையிலும் நம்ப வேண்டாம்.

வாசகர் பயணம் போனால்? வேண்டுமென்றே மண்டலத்தை மாற்றி ஏமாற்றினால்?

ஏமாற்று பெரிய விஷயமே இல்லை. புதிய பரிசுத் தேதி பழையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும். டொராண்டோவிலிருந்து சிங்கப்பூருக்கு அமைப்பை மாற்றுகிறவருக்கு நாளைய காயின் இன்றே கிடைக்கும், அவ்வளவுதான். திரும்ப டொராண்டோவுக்கு மாற்றினால் தேதி பின்னால் போகும், ஒன்றும் கிடைக்காது. மண்டலம் மாற்றுவதை 7 நாளுக்கு ஒரு முறை என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

நேர்மையான பயணிதான் அடிபடுவார். 9ஆம் தேதி இரவு 8 மணிக்கு டொராண்டோவில் பரிசு வாங்கிவிட்டு விமானம் ஏறுகிறார். சரியாக 24 மணி நேரம் கழித்து சிங்கப்பூரில் போனைத் திறக்கிறார். அங்கே 11ஆம் தேதி காலை 9 மணி. 10ஆம் தேதி அவர் வாழ்க்கையில் வானத்திலேயே போய்விட்டது. இதற்கு ஒரு வரி விதி: கடைசிப் பரிசுக்குப் பின் மண்டலம் மாறியிருந்து, கழிந்த நேரம் 36 மணிக்குள் இருந்தால், தொடர் அறவில்லை என்று கொள்ள வேண்டும். சமோவா நாடு 2011இல் டிசம்பர் 29க்கு அடுத்து நேராக 31க்குத் தாவியது, 30 என்ற நாளே அங்கே இல்லை. ஊரை விட்டு நகராமலே நாளை இழந்தவர்களும் உண்டு என்பதற்குச் சொன்னது.

லாகின் ஆகும் இடத்தில் காயின் கொடுக்கும் வரியை எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

பெயர் 'லாகின் ரிவார்டு' என்பதால் எல்லோரும் முதலில் அங்கேதான் எழுதுவார்கள். தப்பு. ஒரு முறை உள்ளே வந்தவரின் செஷன், அதாவது உள்நுழைந்த நிலை, 30 நாள் உயிரோடு இருக்கும். அவர் தினமும் வந்து படிப்பார், லாகின் மட்டும் நிகழாது. தினமும் வருகிற விசுவாசமான வாசகருக்கு ஒன்றும் இல்லை, அடிக்கடி லாக்அவுட் செய்பவருக்குக் காயின். பிறகு யாராவது கண்டுபிடித்து 'வெளியே போய் உள்ளே வந்தால் காயின் விழுகிறது' என்று வாட்ஸாப்பில் பரப்புவார்.

அடையாளம் தெரிந்த பயனர் அன்று முதல் தடவை பக்கத்தைத் திறக்கும்போது 'இன்று பரிசு இருக்கிறது' என்று காட்டுங்கள். கொடுப்பது அவர் பட்டனை அழுத்தும்போது நடக்கட்டும். அந்தக் கோரிக்கை போஸ்ட் முறையில் (சர்வரில் எதையாவது மாற்றுவதற்கான முறை) போக வேண்டும். கெட் முறையில் (பக்கத்தைப் பார்ப்பதற்கான முறை) ஒரு லிங்காக வைத்தால், பிரவுசர் முன்கூட்டியே திறந்து பார்ப்பதும், மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள் லிங்கைச் சோதிப்பதும் அவர் சார்பில் பரிசை வாங்கிவிடும்.

'இன்று வாங்கியாயிற்றா' என்ற நிலையைச் சொல்லும் பதிலை சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்து வேகமாகத் தரும் இடைச் சர்வர்) கேஷ் செய்யாதபடி, அதாவது நகலெடுத்து வைக்காதபடி, பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முருகன் வாங்கியதற்கு மேரிக்கு டிக் விழும்.

டேட்டாபேஸில் என்னென்ன டேபிள் வேண்டும்?

மூன்று. முதலாவது பயனரின் நிலை: பயனர் எண், நேர மண்டலம், கடைசிப் பரிசுத் தேதி, நடப்புத் தொடர், இதுவரை மிக நீண்ட தொடர், மீதி லீவுச் சீட்டு (தவறிய நாளை ஈடுகட்டித் தொடரைக் காப்பது). இரண்டாவது பரிசுப் பதிவு: பயனர் எண், பரிசுத் தேதி, 7 நாள் சுற்றில் எத்தனையாவது நாள், எத்தனை காயின், எந்த விதிப் பதிப்பு, யுடிசியில் துல்லிய நேரம். மூன்றாவது காயின் பேரேடு. வரவும் செலவும் இதில் வரியாகச் சேரும். எந்த வரியையும் திருத்தக் கூடாது, அழிக்கக் கூடாது. தப்பாகப் போனால் எதிர்வரி எழுத வேண்டும், மளிகைக் கடைக் கணக்குப் போல.

பேரேட்டில் 'இலவசம்', 'வாங்கியது' என்ற பிரிவை முதல் நாளே வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய காயினைத் திருப்பிக் கேட்டால் பணம் தர வேண்டிவரும். இலவசக் காயினுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. செலவாகும்போது இலவசம் முதலில் கழியட்டும். இரண்டையும் கலந்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பிரிப்பது கரைத்த சர்க்கரையைத் திரும்ப எடுப்பது மாதிரி.

பட்டனை வேகமாக இரண்டு முறை தட்டினால் இரட்டைப் பரிசு விழுகிறது. ஏன்?

'இன்று வாங்கியிருக்கிறாரா என்று பார், இல்லையென்றால் கொடு' என்று எழுதியிருப்பீர்கள். இரண்டு கோரிக்கைகள் சில மில்லி விநாடி இடைவெளியில் வருகின்றன. இரண்டுமே பார்க்கின்றன, இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் கிடைக்கிறது, இரண்டும் கொடுத்துவிடுகின்றன. முதல் தட்டலில் பட்டனை முடக்குவது பார்வைக்கு நல்லதுதான், ஆனால் இரண்டு டேப் திறந்து வைத்திருப்பவரை அது தடுக்காது.

பரிசுப் பதிவு டேபிளில் பயனர் எண்ணும் பரிசுத் தேதியும் சேர்ந்து ஒரு யூனிக் கீ ஆக இருக்க வேண்டும், அதாவது அதே ஜோடி இரண்டாம் முறை சேர டேட்டாபேஸே விடாது. வேலை நடக்கும் வரிசை இது: டிரான்சாக்ஷன் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற கட்டு) தொடங்கு, பரிசுப் பதிவில் வரியைச் சேர், சேர்ந்தால் மட்டும் பேரேட்டில் வரவு எழுதி, பயனர் நிலையைப் புதுப்பி, முடி. இரண்டாவது கோரிக்கையின் வரி சேராது. அப்போது பிழை காட்டாமல், முதல் முறை கொடுத்த அதே பதிலையே திருப்பி அனுப்புங்கள். நெட்வொர்க் அறுந்து மீண்டும் தட்டியவருக்கும் அதுதான் சரியான பதில்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' போட்டு, எத்தனை வரி சேர்ந்தது என்று பார்த்தால் போதும். மைஎஸ்கியூஎல்லில் 'இன்சர்ட் இக்னோர்' கைக்கு எளிதாக வரும், ஆனால் அது வேறு பல பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக மாற்றி விழுங்கிவிடும். சாதாரண இன்சர்ட் எழுதி, யூனிக் கீ பிழையை மட்டும் பிடிப்பது நல்லது.

தினமும் நள்ளிரவில் ஒரு க்ரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்) ஓடி, வராதவர்களின் தொடரை அழிக்க வேண்டாமா?

வேண்டாம். ஒரு லட்சம் பயனர் என்றால் ஒரு லட்சம் வரியைத் தினமும் தொட வேண்டும், அதில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் வராதவர்கள். ஜாப் ஒருநாள் ஓடாமல் போனாலோ இரண்டு முறை ஓடினாலோ எல்லோர் கணக்கும் கெடும். ஆளுக்கொரு மண்டலம் என்றால் 'நள்ளிரவு' எது என்றே சொல்ல முடியாது.

வாசகர் வரும்போது கணக்குப் பாருங்கள். இன்றைய பரிசுத் தேதியிலிருந்து கடைசித் தேதியைக் கழியுங்கள். 0 என்றால் வாங்கியாயிற்று. 1 என்றால் தொடரில் ஒன்று கூட்டு. அதற்கு மேல் என்றால் ஒன்றைக் கழித்தால் வருவது தவறிய நாள். அந்த அளவுக்கு லீவுச் சீட்டு இருந்தால் கழித்துக்கொண்டு தொடரில் ஒன்று கூட்டு, இல்லையென்றால் தொடர் 1. விடை மைனஸில் வந்தால் மண்டலம் மேற்கே மாறியிருக்கிறது, 'அடுத்த பரிசு நாளை மறுநாள் காலை 4 மணிக்கு' என்று சொல்லி நிறுத்து.

லீவுச் சீட்டு எதற்கு? ஒரு நாள் விட்டால் தொடர் போக வேண்டும் என்பதுதானே ஈர்ப்பு?

40 நாள் தொடர் அறுந்தவர் மறுநாள் 'சரி, ஒன்றிலிருந்து தொடங்குவோம்' என்று உற்சாகமாக வருவார் என்று நினைப்பது தப்புக் கணக்கு. பலர் அதோடு தளத்தையே விட்டுவிடுவார்கள். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ, தொடர் அறாமல் காக்கும் வசதியை வைத்திருப்பது இதனால்தான். நிரலாளர்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் 2016இல் பயனர் பக்கத்திலிருந்து தொடர் எண்ணிக்கையையே எடுத்துவிட்டது. மறுபக்கம், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 100 நாள் இடைவிடாமல் வந்தால் ஒரு பேட்ஜ் உண்டு, நாள் யுடிசிப்படி. அங்கே அது வெறும் பேட்ஜ், அதை வைத்து எதையும் வாங்க முடியாது. அறுந்தாலும் நஷ்டமில்லை.

காயினைத் தொடரோடு கட்டாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. 7 நாள் சுற்றில் ஐந்தாம் நாளில் நிற்பவர் மூன்று நாள் கழித்து வந்தால் ஆறாம் நாள் அவருக்காகக் காத்திருக்கட்டும். தொடர் எண்ணிக்கை பக்கத்தில் பெருமைக்கு ஓடட்டும். அந்தப் பெருமையைக் காக்க 7 பரிசுக்கு ஒரு லீவுச் சீட்டு, கையிருப்பு அதிகபட்சம் 2, தானாகவே பயன்படும். 'சீட்டை நீங்களே முன்கூட்டிப் போட வேண்டும்' என்று வைத்தால், காய்ச்சலில் படுத்தவர் எப்படிப் போடுவார்?

சீட்டைக் காசுக்கு விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விற்கலாம், வருமானமும் வரும். பயத்தை விற்கிறோம் என்பது தெரிந்தே விற்க வேண்டும்.

சரி, எத்தனை காயின்?

7 நாளுக்கு 2, 2, 3, 3, 4, 4, 7. மொத்தம் 25. ஒரு அத்தியாயம் 20. ஒரு சுற்று முடித்தால் ஒரு அத்தியாயம் திறக்கலாம், 5 மிச்சம் இருக்கும். நாலு சுற்றில் 100 காயின், அதாவது 5 அத்தியாயம். முதல் சுற்றின் முடிவிலேயே ஒரு கதவு திறக்க வேண்டும், அதுதான் அளவுகோல். 40 நாள் சேர்த்தால்தான் ஒரு அத்தியாயம் என்றால் அது பரிசில்லை, பிச்சை.

கடைசி நாளில் மட்டும் 50 என்று குவிக்கும் ஆசை வரும். வேண்டாம். ஆறு நாள் வெறுங்கையோடு வர யாருக்கும் பொறுமை இருக்காது.

செலவைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் சராசரி 25ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 3.57. ஆயிரம் பேர் ஒருநாள் விடாமல் 30 நாள் வாங்கினால் ஏறக்குறைய 1,07,000 காயின். காயின் 50 காசு, ஆக முகமதிப்பு சுமார் 53,500 ரூபாய். இது காகிதத்தில்தான். ஆனால் அத்தியாயம் திறக்கும்போதெல்லாம் எழுத்தாளருக்குப் பாதி போகிறது என்று ஒப்பந்தம் இருந்தால், இலவசக் காயினில் திறந்தாலும் 26,750 ரூபாய் உங்கள் கையிலிருந்து ரொக்கமாகப் போகும். இந்தக் கேள்வியை எழுத்தாளர்களோடு முதலிலேயே பேசி முடியுங்கள். இலவசக் காயினுக்குக் குறைந்த விகிதம், அல்லது வெளியாகி மூன்று மாதம் கடந்த அத்தியாயங்களை மட்டும் இலவசக் காயினில் திறக்கலாம் என்ற வரம்பு, இரண்டில் ஒன்று நடக்கும்.

இலவசக் காயின் காலாவதியாகலாமா?

ஆகலாம். 90 நாள் கொடுங்கள், 14 நாள் முன்பு சொல்லுங்கள், பழையது முதலில் செலவாகட்டும். காசு கொடுத்து வாங்கியதைத் தொடாதீர்கள்.

சக்கரம் சுழற்றி விழுவதைக் கொடுத்தால் சுவாரசியமாக இருக்காதா?

இருக்கும். இலவசமாகச் சுழற்றுவது, விழும் காயின் பணமாக மாறாது, எந்தக் கட்டத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று வெளியே எழுதியிருப்பது, இந்த மூன்றும் இருந்தால் வையுங்கள். சராசரி அதே 3.57க்குப் பக்கத்தில் நிற்கும்படி வாய்ப்புகளைக் கணக்கிடுங்கள். எது விழ வேண்டும் என்று தீர்மானிப்பது சர்வர், திரையில் சுழலும் சக்கரம் முடிவைக் காட்டுவதற்கு மட்டும்.

'10 காயின் கொடுத்து இன்னொரு முறை சுழற்று' என்ற பட்டன் வந்த நொடியில் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். பணம் கட்டிப் பணமோ பண மதிப்புள்ளதோ வெல்லும் எதிர்பார்ப்பில் ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்திருக்கிறது. கதைத் தளத்துக்கு அந்த எல்லையோரம் என்ன வேலை?

ஒரே ஆள் ஐம்பது கணக்கு திறந்து வாங்கினால்?

இலவசக் காயினை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது என்று வைத்தாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும். ஐம்பது கணக்கில் ஆளுக்கு 25 இருந்தாலும் ஒன்றாகச் சேர்க்க முடியாதென்றால் யாருக்கு லாபம்? கைபேசி ஓடிபியைப் பரிசு வாங்கும்போது கேட்காதீர்கள், முதல் முறை செலவழிக்கும்போது கேளுங்கள். பாதியில் போய்விடுகிறவர்களுக்கெல்லாம் எஸ்எம்எஸ் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஐபி முகவரியை வைத்துத் தடுக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஏராளமானோர் இருப்பார்கள். கல்லூரி விடுதியில் ஒரே வைஃபை. ஒரு விடுதியையே பூட்டிவிட்டு ஏன் புகார் வருகிறது என்று யோசிப்பீர்கள். ஐபி சந்தேகத்துக்கு ஒரு தடயம், தண்டனைக்குக் காரணம் ஆகாது. உண்மையில் போட்களை (தானியங்கி நிரல்களை) இழுப்பது தினசரி 2 காயின் இல்லை, 'சேர்ந்தவுடன் 50' என்ற வரவேற்புப் பரிசுதான். அதைக் குறையுங்கள்.

தளம் படுத்துவிட்ட நாளில் தொடர் அறுந்தவர்களுக்கு என்ன செய்வது?

'விலக்கு நாள்' என்று ஒரு சின்ன டேபிள். தளம் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தால் அந்தத் தேதியை அதில் எழுதுங்கள். தவறிய நாள்களை எண்ணும்போது விலக்கு நாளைக் கழித்துவிடும். கணக்கை வாசகர் வரும்போதுதானே போடுகிறோம், அதனால் மறுநாள் எழுதினாலும் எல்லோருக்கும் சரியாகிவிடும். சூறைக்காற்றில் ஒரு மாவட்டமே மின்சாரமில்லாமல் கிடக்கும் நாள்களுக்கும் இதே டேபிள் உதவும்.

திரையில் எப்படிக் காட்டுவது?

கதையை மறைத்துக்கொண்டு எழும் பாப்அப் வேண்டாம். படிக்க வந்தவர் முதலில் மூடுவது அதைத்தான், கையோடு பரிசையும் மூடிவிடுவார். முகப்பில் ஒரு பட்டை போதும்.

ஏழு நாளையும் ஒரே வரியில் வைப்பதுதான் எல்லோருடைய முதல் வரைபடம். 360 பிக்சல் அகலப் போனில் இரண்டு ஓரமும் 16 விட்டால் மிச்சம் 328. ஆறு இடைவெளிக்கு 4 வீதம் 24 போனால் 304. ஒரு கட்டத்துக்கு 43 பிக்சல். 'செவ்வாய்', 'வியாழன்' என்று எழுதினால் எழுத்து எறும்பாகிவிடும். கிழமையை விட்டுவிட்டு 1 முதல் 7 வரை எண் மட்டும் போடுங்கள், அல்லது நாலும் மூன்றுமாக இரண்டு வரியாக்குங்கள், கடைசி நாள் கட்டம் பெரிதாக. வாங்கியதை நிறத்தால் மட்டும் காட்டாமல் டிக்கும் போடுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் 'ஐந்தாம் நாள், 4 காயின், பெறப்பட்டது' என்று படிக்க வேண்டும்.

நினைவூட்டல் அனுப்பலாமா?

நாளுக்கு ஒன்று, அதுவும் அவர் வழக்கமாக வரும் நேரத்தில். இரவு 9 முதல் காலை 8 வரை மௌனம். புஷ் நோட்டிஃபிகேஷனுக்கு முதல் வருகையிலேயே அனுமதி கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள், பிரவுசர் திரும்பக் கேட்க விடாது. மூன்றாவது பரிசுக்குப் பின் கேளுங்கள். ஐபோனில் 16.4 பதிப்பிலிருந்துதான் இணையதளப் புஷ் வரும், அதுவும் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தவர்களுக்கு மட்டும். எஸ்எம்எஸ் வேண்டாம்: இந்தியாவில் அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்பையும் டிஎல்டி எனும் வணிக எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. 2 காயினுக்கு இது கட்டாது.

'உங்கள் தொடர் சாகப்போகிறது!', 'எங்களை மறந்துவிட்டீர்களா?' என்றெல்லாம் எழுதாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 ஏமாற்று வடிவங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய்யான அவசரம், வெட்கப்படுத்துதல், ஓயாமல் நச்சரித்தல் மூன்றும் அதில் உண்டு. '24ஆம் அத்தியாயம் வந்துவிட்டது. இன்றைய 3 காயினும் காத்திருக்கிறது' என்றால் போதும்.

பள்ளி மாணவர்களும் வரும் தளம் என்றால்?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தையின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதும் கூடாது. 'வழக்கமாக வரும் நேரம்' பார்த்து நினைவூட்டும் வசதியை அவர்களுக்கு நிறுத்திவிடுங்கள். தொடர் எண்ணிக்கையையும் மறைத்துவிடலாம், காயின் மட்டும் போதும்.

வெளியிடும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

நேரத்தை சர்வரிடம் நேரடியாகக் கேட்காமல் ஒரு ஃபங்ஷன் வழியாக வாங்குங்கள். அப்போதுதான் சோதனையில் பொய்க் கடிகாரம் கொடுக்க முடியும். காலை 3:59:59, 4:00:00. பிப்ரவரி 28, 29. டிசம்பர் 31. டொராண்டோவில் கடிகாரம் மாறும் மார்ச், நவம்பர் ஞாயிறுகள். ஒரே பயனருக்கு ஒரே நொடியில் 20 கோரிக்கை, சேர வேண்டிய வரி ஒன்று.

இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஜாவாஸ்கிரிப்டில் தேதியை ஐஎஸ்ஓ சரமாக (ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கும் எழுத்து வடிவமாக) மாற்றி முதல் பத்து எழுத்தை வெட்டுவது ஒன்று. அது யுடிசித் தேதி, இந்தியாவில் இரவு 12 முதல் காலை 5:30 வரை முந்தின நாளைக் காட்டும். பகலில் சோதிப்பவர் கண்ணில் படவே படாது. இன்னொன்று ஜாவாவில்: தேதி வார்ப்பில் ஆண்டுக்குச் சின்ன 'ஒய்' போடாமல் பெரிய 'ஒய்' போடுவது. அது வாரக்கணக்கு ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டில் சேர்கிறதோ அந்த ஆண்டு. 2025 டிசம்பர் 29 அன்று 2026 என்று எழுதும். கடைசிப் பரிசுத் தேதி 2026 டிசம்பர் 29 ஆகிவிட, விடை மைனஸிலேயே வந்து, அந்த வாசகருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் 'அடுத்த பரிசு நாளை மறுநாள்' என்றே வரும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

தினசரி வருகை ஏறும். காயின் கொடுத்தால் ஏறாமல் என்ன செய்யும்? அது பலனில்லை. பயனரில் 10 சதவீதம் பேருக்குப் பரிசையே காட்டாமல் வையுங்கள். யார் அந்தப் பத்தில் என்பதைப் பயனர் எண்ணின் ஹேஷ் (அதே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடை தரும் கணக்கு) தீர்மானிக்கட்டும், அப்போதுதான் ஆள் மாறாது. நான்கு வாரம் கழித்து இரண்டு தரப்பும் ஆளுக்கு எத்தனை அத்தியாயம் படித்தார்கள், எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று ஒப்பிடுங்கள். பரிசை வாங்கிவிட்டுப் பத்து விநாடிக்குள் வெளியேறுகிறவர்களின் பங்கையும் பாருங்கள். அது வாரம்தோறும் ஏறினால் வாசகர்களுக்குப் பதில் ரேஷன் வரிசையைச் சேர்த்திருக்கிறீர்கள். அப்போது பட்டனை முகப்பிலிருந்து எடுத்து, அன்று படித்த முதல் அத்தியாயத்தின் அடியில் வைத்துப் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்துக்கு இவ்வளவும் எழுத வேண்டுமா?

தேவையில்லை. மைகிரெட், கேமிபிரஸ் போன்ற பிளகின்கள் புள்ளிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். நிறுவியதும் மூன்றைச் சோதியுங்கள்: எந்த நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறது, லாக்அவுட் செய்யாமல் மறுநாள் வந்தால் புள்ளி விழுகிறதா, இரண்டு டேப்பில் ஒரே நேரத்தில் திறந்தால் எத்தனை விழுகிறது. பக்கக் கேஷ் பிளகினும் கூடவே இருந்தால் நாலாவதாக அதையும்.

'நேற்று வந்தேன், தொடர் போய்விட்டது' என்று புகார் வந்தால்?

பரிசுப் பதிவைப் பாருங்கள். பட்டனை அழுத்தாமல் படித்துவிட்டுப் போயிருப்பார், பெரும்பாலும் அதுதான். விவாதம் வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். 90 நாளுக்கு ஒரு முறை, காரணம் கேட்காமல். அதையும் பேரேட்டில் 'உதவிக்குழு திருத்தம்' என்று தனி வரியாக, செய்தவர் பெயரோடு.

விதியை மாற்றினாலோ திட்டத்தை நிறுத்தினாலோ?

பரிசுப் பதிவில் விதிப் பதிப்பு எண் இருக்கிறது அல்லவா? சுற்றின் நடுவில் நிற்பவர் பழைய பதிப்பிலேயே முடிக்கட்டும், அடுத்த சுற்றிலிருந்து புதியது. நிறுத்துவதென்றால் 30 நாள் முன் அறிவிப்பு, புதிய சுற்றுகள் தொடங்காது, சேர்ந்த காயின் 90 நாள் செல்லும். தொடர் எண்ணை மட்டும் அழிக்காதீர்கள். 412 நாள் வந்தவரின் பக்கத்தில் 412 என்று ஒரு வரி கிடப்பதால் உங்களுக்கு ஆகும் செலவு நாலு பைட்.